ஏரி ராஜாவின் இடுப்புத் துண்டு

என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னையும் சேர்த்து வளர்த்த அன்பு ஏழுமலை மாமாவுக்கு,

உங்கள் மச்சான் கன்னியப்பன் எழுதுகிறேன். நான் சொல்ல யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். பேனா என் கையில்தான் இருக்கிறது. மேலே இருக்கிற இரண்டு வரிக்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது. இருக்கட்டும். நீங்களும் எங்கேயும் போகப் போவதில்லை, எனக்கும் மாடு கன்று என்று எதுவும் காத்திருக்கவில்லை.

நீங்கள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது நம் காலனிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் முதியோர் கல்வி வகுப்பு நடக்கிறது. ஒரு சின்னப் பெண்தான் டீச்சரம்மா. முதலில் முப்பது பேர் சேர்ந்தோம். அறுவடை வந்ததும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. அறுபத்தேழு வயதில் சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவனைப் பார்த்து அக்கா சும்மா இருப்பாளா? "ஏன்டா, எமன் போடற கடுதாசிய நீயே பிரிச்சிப் படிக்கணும்னு இன்னா வேண்டுதலா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.

இப்போது உத்திரமேரூர் பஸ்ஸில் போர்டைப் படித்து நானே ஏறுகிறேன். உர மூட்டை, சோப்பு உறை, எல்லாவற்றையும் சத்தம் போட்டுப் படிக்கிறேன். நீங்கள் எழுதிக் கொடுத்த ரேஷன் கடைப் பலகையையும் படித்தேன். "மண்ணெண்ணெய் இல்லை" என்று எழுதியிருக்கிறது. அத்தனை அழகாக இருந்ததால் ஏதோ சாமி பேர் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், மாமா.

சிரித்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டேன். சொல்ல வந்தது வேறு. உள்ளங்கையில் சூடம் ஏற்றி அணைத்து உங்களுக்கு நான் கொடுத்த சத்தியத்தைப் போன மாசம் உடைத்துவிட்டேன். ஏன் உடைத்தேன் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சரம்மா இந்தக் கடிதத்தை எங்கள் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகையில் போடப் போகிறாராம். போடட்டும். இனி மறைக்க எதுவும் இல்லை. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் படிக்கிறவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புத்தகம்தான் மாமா. நாம் பொம்மைப் புத்தகம் என்று சொல்வோமே, அது. பெரிய வீட்டுப் பெரியவர் நம் ஏரியை வெட்டிய ராஜாவின் கதையைப் பாட்டாகக் கட்டி, காஞ்சிபுரத்தில் அச்சுக்குக் கொடுத்தார். சுதந்திரத்துக்கு முன்னால் நடந்தது. நீங்கள் அப்போது அந்த அச்சுக்கூடத்தில் இருந்தீர்கள். சக்கரம் சுற்றுகிற கூலியாகத்தான் உள்ளே போனீர்கள். அங்கே கட்டையில் படம் செதுக்குகிற கிழவருக்குக் கண் மங்கிப் போனதால், குடைக்கம்பியைத் தீட்டி உளி செய்து வைத்திருந்த உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பட்டுக் கடை லேபிள், மூக்குப்பொடி டப்பா, நாடக நோட்டீஸ் எல்லாம் உங்கள் கை. எழுத்து ஒன்று கூடத் தெரியாது. ஆனால் எழுத்தைத் தலைகீழாக, இடம் வலம் மாற்றி, ஒரு கோடு பிசகாமல் செதுக்குவீர்கள்.

பெரியவரின் பாட்டுக்குப் பதினாறு படம் கேட்டார்கள். அச்சுக்கூடத்து முதலாளி அவரிடம் "மெட்ராஸ் ஓவியர் போடறாரு" என்று சொல்லிவிட்டார். அவருடைய ராஜாவையும் ராணியையும் அவருடைய நிலத்தில் நாற்று நடுகிறவர்கள் வீட்டுப் பையன் போடுகிறான் என்றால் அந்தப் புத்தகமே வந்திருக்காது. கட்டைகளைத் துணியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். உங்களுக்கு ராஜாவும் தெரியாது, ராணியும் தெரியாது. அதனால் எங்களைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். புளி உரித்துக்கொண்டிருந்த அக்கா ராணி ஆனாள். கள் இறக்குகிற பூங்காவனம் மந்திரி ஆனார். ராஜாவின் பட்டத்துக் குதிரைக்கு, காஞ்சிபுரம் ஸ்டேஷன் வாசலில் நிற்குமே, அந்த ஜட்கா வண்டிக் குதிரை. அதனால்தான் ராஜா ஏறுகிற குதிரைக்கு விலா எலும்பு எண்ணலாம். ராஜா நான்.

மதகுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினீர்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. உங்கள் வேட்டியை மடித்து மேல்துண்டாகக் கொடுத்தீர்கள்.

"தோள்ள போட்றா. ராஜாடா நீ."

போட்டேன். வெயில் சாய்கிற நேரம். தூரத்தில் கரை மேல் பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை குடையோடு வருவது தெரிந்தது. என் கை தானாகத் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டது. அவர் போனார். மறுபடி போடச் சொன்னீர்கள். போட்டேன். அவர் திரும்பி வந்தார். மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை யாருமே வரவில்லை, மாமா. எங்கோ செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "வுடு மச்சான். எப்டி நிக்கிறியோ அப்டியே நில்லு" என்று சொல்லிவிட்டுக் கரித்துண்டை எடுத்தீர்கள். உங்களுக்கு நேரம் ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

புத்தகம் வந்தது. சரஸ்வதி பூஜை அன்று வைக்கோல் போடப் போன நீங்கள், ஜன்னல் வழியாகப் பெரிய வீட்டு அம்மா அந்த ராணிப் படத்துக்குக் குங்குமம் வைத்துக் கும்பிடுவதைப் பார்த்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்தபோது உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. "தெரிஞ்சா கொன்னு ஏரியில போட்ருவானுங்க" என்று என் கையில் சூடத்தை வைத்தீர்கள். போட்டது நீங்கள் என்பதும், உள்ளே நிற்பது நாங்கள் என்பதும் சாகும் மட்டும் வாயில் வரக் கூடாது என்று வாங்கிக்கொண்டீர்கள். அக்காவிடம் வாங்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் அவளும் நாற்பத்தைந்து வருஷம் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அச்சுக்கூடத்தில் துத்தநாகத் தகட்டில் படம் வந்துவிட்டது. உங்களை அனுப்பிவிட்டார்கள். மாட்டு வண்டிக்குப் பூ, லாரி முதுகில் மயில், எல்லாக் கட்சிக்கும் சுவரில் சின்னம், கடைசியில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். வாலாஜாபாத் வரைக்கும் சுவர் சுவராக முக்கோணம் போட்டுவிட்டு இருமிக்கொண்டே வருவீர்கள். எதன் அடியிலும் உங்கள் பேர் கிடையாது. இத்தனை வேலை செய்த மனுஷனின் பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. அதையும் நீங்கள் போன மறுமாசம் அடித்துவிட்டார்கள்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெட்ராஸிலிருந்து ஒரு கல்லூரி அம்மா பெரிய வீட்டுக்கு வந்திருந்தார். பழைய புத்தகங்களில் இருக்கிற படங்களைப் பற்றி எழுதுகிறவராம். டீச்சரம்மா ஓடி வந்தார். "தாத்தா, நம்ம ஏரியப் பத்தின புத்தகமாம். வந்து ஒரு பாட்டு படிச்சிக் காட்டுங்க. அறுபத்தேழு வயசுல படிக்கிறார்னு அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்கேன்."

பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள். "எந்தப் பொஸ்தகம்? பொம்மப் பொஸ்தகமா? இரு, நானும் வரேன்." பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு கோலை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

போட்டோ எடுக்க வெளிச்சம் வேண்டும் என்று வாசலில் புங்க மரத்தடிக்கு மேஜையைக் கொண்டுவந்து புத்தகத்தை அதன் மேல் வைத்திருந்தார்கள். சிவப்பு அட்டை வெளுத்துவிட்டது. பெரியவரின் மகன், நாம் சின்னவர் என்போமே, அவருக்கும் இப்போது அறுபது தாண்டிவிட்டது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் நிலத்தில்தான் என் மகன் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் வைக்கிறான் என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

"வா கன்னியப்பா. நீ பாட்டு படிக்கப் போறியாமே? எங்கப்பா இருந்திருந்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பாரு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கல்லூரி அம்மா பக்கம் பக்கமாக, குழந்தையைத் திருப்பிப் போடுகிற மாதிரித் திருப்பினார். "இந்தப் படங்களைப் போட்டது யாருன்னு ரொம்ப வருஷமா தேடறேன். பாட்டு எழுதினவர் பேர் இருக்கு, அச்சுக்கூடம் பேர் இருக்கு, ஓவியர் பேர் மட்டும் இல்ல. இங்க பாருங்க, ராஜா வர்ற எல்லாப் படத்துலயும் மேல்துணி இடுப்புலதான் கட்டியிருக்கு. கிரீடம் வெச்ச ராஜா யார் முன்னாடி இப்படி நிப்பார்? ஏரிக்கரை அம்மன்கிட்டக் காட்டற பணிவுன்னு நான் ஒரு கட்டுரையில எழுதியிருக்கேன்."

"மெட்ராஸ்ல பெரிய ஓவியராம். வெள்ளக்காரன்கிட்டப் படிச்சவருன்னு அப்பா சொல்லுவாரு" என்றார் சின்னவர்.

"எந்த வெள்ளக்காரன்?" என்றாள் அக்கா. "எம்புருசன் போட்டது ஆண்டே அது. அந்த ராணி நாந்தான்."

மரத்தடியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சின்னவரும் சிரித்தார். "ஏ பச்சையம்மா, உன் புருசன் லாரிக்குப் பெயிண்ட் அடிச்சான். செவுத்துல முக்கோணம் போட்டான். இது வேற வேலை."

"முக்கோணம் போட்ட கையி மூக்கு முழி போடாதா? டேய் கன்னியப்பா, நீயே சொல்லுடா. நீயுந்தான அங்க நின்னுகினு இருந்த."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கல்லூரி அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். என் உள்ளங்கை சுட்டது, மாமா. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சூடம். அது மட்டும்தான் காரணம் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மகனின் வயலும் கண் முன்னால் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் கோலை வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். "சரி வுடு" என்றாள் என்னிடம். கல்லூரி அம்மாவைப் பார்த்து, "வயசாயிடுச்சிம்மா எனக்கு. கெயவி ஏதோ உளறுதுன்னு எயுதிக்கோ" என்றாள்.

யாரிடமும் தோற்காத என் அக்கா, மாமா. உங்களையே ஏசி அடக்கி வைத்தவள்.

டீச்சரம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "தாத்தா, நீங்க படிங்க" என்று புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். நான் படித்தேன். எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். மூன்றாவது படத்துக்கு எதிரே இருந்த பாட்டு. ராஜா கரைக்கு வருகிறார். அவருடைய பொன்னாடை தோளிலிருந்து சரிந்து மண்ணைத் தொடுகிறது, அதை எடுத்துக் கொடுக்கக்கூடக் கிட்டே போக ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. இதுதான் பொருள். "தோளில்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடி படித்தேன். தோள்தான்.

பக்கத்தில் படத்தில் துண்டு இடுப்பில் இருக்கிறது.

எனக்கு அப்போது பாட்டு தெரியாது, மாமா. உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அச்சுக்கூடத்தில் ஒருவர் பாட்டை மூன்று தடவை படித்துச் சொல்வார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். தோள் என்று காதால் கேட்டும் இடுப்பில் செதுக்கினீர்கள். பெரியவர் கேட்டால் என்ன சொல்லித் தப்பிக்க நினைத்தீர்கள்? அவர் ஏன் கேட்காமல் விட்டார்? என் மேல் இரக்கப்பட்டுச் செய்தீர்களா, கோபத்தில் செய்தீர்களா? என்றைக்காவது ஒருவர் வந்து, ஒரு ராஜா ஏன் இப்படி நிற்கிறார் என்று கேட்கட்டும் என்று விட்டு வைத்தீர்களா?

அப்படியானால் அவர் வந்துவிட்டார். கேட்டும்விட்டார். பதில் தெரிந்த ஒருவன் அங்கே பேசாமல் நிற்கிறான்.

முதல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்று, என் இடுப்பில் இருந்த துண்டை அவிழ்த்து என் தோளில் போட்டது நீங்கள். அன்றிலிருந்து யார் முன்னாலும் நான் அதை இறக்கியது இல்லை. அன்று புங்க மரத்தடியில் இறக்கினேன். இடுப்பில் கட்டினேன். முதுகு தானாக வளைந்தது. இடது கால் பின்னால் போனது. கை இரண்டும் வயிற்றுக்கு முன்னால் சேர்ந்துகொண்டன. நாற்பது வருஷத்தில் உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை.

"அம்மா, படத்தையும் பாருங்க, என்னையும் பாருங்க" என்றேன். "அது பணிவு இல்லீங்க. பயம். கணக்குப்பிள்ள வந்துகினு இருந்தாரு. ராஜா நான்தான். ராணி எங்க அக்கா. போட்டது எங்க மாமா ஏழுமலை. எனக்குத் துண்ட மேல போட்டுகினு நிக்கத் தெரியல. நின்னாப்லியே போட்டுட்டாரு."

கல்லூரி அம்மா எழுந்து வந்தார். சின்ன வயதில் கடுக்கன் இழுத்துக் கிழிந்த என் இடது காது மடலைப் பார்த்தார். குனிந்து படத்தில் ராஜாவின் காதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மறுபடி என் காதைப் பார்த்தார். அப்புறம் மண்ணில் அக்காவுக்குப் பக்கத்தில் போய், புடவையைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்துவிட்டார்.

சின்னவர் எழுந்து மேஜைக்கு வந்தார். ராணிப் படத்தைத் திருப்பினார். அதில் இன்னும் குங்குமக் கறை இருக்கிறது, மாமா. அவர் அம்மா வைத்தது. அதையும் அக்காவையும் அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "கன்னியப்பா, துண்ட மேல போடு" என்றார். உள்ளே போய்விட்டார். அது அதட்டலா, வெட்கமா, எனக்கு விளங்கவில்லை. போட்டுக்கொண்டேன்.

பத்து நாள் என் மகன் சரியாகத் தூங்கவில்லை. மழை பெய்ததும் ஏர் பூட்டினான். யாரும் வந்து தடுக்கவில்லை. நல்லதாக ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. இப்போதைக்கு அப்படித்தான் இருக்கிறது.

கல்லூரி அம்மா தன் நோட்டை என்னிடம் நீட்டினார். "உங்க கையாலயே அவர் பேரை எழுதுங்க" என்றார். வகுப்புக்கு வெளியே நான் எழுதிய முதல் சொல் உங்கள் பேர்தான். அதை எழுதி முடிக்கும் வரைக்கும் அத்தனை பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எயுதிட்டியா?" என்று அக்கா கையை நீட்டி அதைத் தொட்டாள். மை காயவில்லை. கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம், இதுவே இருக்கட்டும்" என்றார் கல்லூரி அம்மா. தன் கட்டுரையை மாற்றி எழுதப் போகிறாராம். அதில் உங்கள் பேர் அச்சில் வருமாம்.

சத்தியத்தை உடைத்தது தப்பு என்றால் அந்தப் பாவம் எனக்கு. ஆனால் நான் அதைக் காப்பாற்றிக்கொண்டே போயிருந்தால், உங்கள் பெண்டாட்டியை ஊர் முன்னால் பொய்க்காரி ஆக்கியிருப்பேன். அதற்காகவா என் கையில் சூடம் வைத்தீர்கள்? இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களைக் கேட்க வழியில்லை.

அக்கா பக்கத்தில்தான் இருக்கிறாள். அவள் சொல்வதையும் எழுதச் சொல்கிறாள். "புளி உரிச்சிகினு இருந்தவள புடிச்சி ராணின்னு போட்டாரே, கையிலாவது ஒரு வளையல் போட்டாரா கேளு. அவ்ளோ பெரிய ராணிக்கு மொட்டக் கையி." கேட்டுவிட்டேன்.

உடைத்த சத்தியத்துக்குப் பதிலாக ஒன்று தருகிறேன், மாமா. பதினாறு படத்திலும் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் எழுதி அந்த அம்மாவுக்கு அனுப்பப் போகிறேன். வாரத்துக்கு ஒரு படம். என் வேகம் அவ்வளவுதான். மூன்று முடித்துவிட்டேன். பூங்காவனத்தை எழுதிவிட்டேன். ஜட்காக் குதிரையின் பேர் ராமு என்று அக்காவுக்கு நினைவு இருந்தது, அதையும் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாவது படத்தில் ராணிக்குப் பின்னால் விசிறியோடு நிற்கிற பெண் யாரென்று மட்டும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறது. தினமும் அதைச் சொல்லிச் சண்டை போடுகிறோம். புள்ளலூரில் வாழ்க்கைப்பட்டவள் என்கிறாள் அக்கா, பழையசீவரம் என்கிறேன் நான். அடுத்த வாரம் பஸ் போர்டைப் படித்து ஏறிப் புள்ளலூர் போகிறேன். அங்கே இல்லையென்றால் பழையசீவரம் போய் விசாரிப்பேன். அவளைப் பேர் இல்லாமல் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பச்சையம்மாளின் தம்பி,
உங்களுக்கு என்றைக்கும் மச்சான்,
கன்னியப்பன்